தலைக்கணக்கும் தேவைக்கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

அரசுப் பள்ளிகளுக்கான நிதியை மாணவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்காமல், அவர்களுடைய தேவையையும் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டிக் கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே விதியின்படி பணம் தருவதுதானே நியாயம்? தேவை என்று பேச ஆரம்பித்தால் அது சலுகையிலும் சிபாரிசிலும் போய் முடியாதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

ஒரே விதி என்பது இப்போதே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. 100 பேருக்கு மேல் 250 பேர் வரை படித்தால் 50,000 ரூபாய். 250க்கு மேல் 1,000 வரை 75,000 ரூபாய். 1,000த்தையும் தாண்டினால் ஒரு லட்சம். சாக்பீஸ், மின்கட்டணம், உடைந்த குழாய், கழிப்பறைத் தூய்மை எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தலா 120 பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நகரத்தில், மாதச் சம்பளம் வாங்கும் பெற்றோர் கணிசமாக உள்ள பகுதியில் இருக்கிறது. மற்றொன்றில் இருளர் குடியிருப்பிலிருந்தும் மீனவர் குப்பத்திலிருந்தும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டுக்கும் அதே 50,000 ரூபாய். முதல் பள்ளியில் மின்விசிறி ஓடாவிட்டால் பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது பள்ளியில் அந்தச் செலவு பெரும்பாலும் தலைமையாசிரியரின் கையிலிருந்துதான் போகும். விதி ஒன்றாக இருப்பதாலேயே விளைவும் ஒன்றாக இருந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 250 பேர் படிக்கும் பள்ளியில் இந்த மானியம் ஒரு பிள்ளைக்கு 200 ரூபாய் ஆகிறது. 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 75 ரூபாய்தான். சிறிய பள்ளிக்கும் அடிப்படைச் செலவு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு அரசே தலைக்குச் சமம் என்ற கணக்கை விட்டு ஏற்கெனவே விலகியிருக்கிறது. நாம் கேட்பது, பள்ளியின் அளவைப் பார்க்கும் அந்தக் கண்ணால் பிள்ளையின் வீட்டு நிலையையும் பார்க்க வேண்டும் என்பதே. சிபாரிசைப் பற்றிய தங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் சிபாரிசுக்கு இடமிருப்பது அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட நிதியில்தான். எந்தத் தேவைக்கு எவ்வளவு கூடுதல் என்ற சூத்திரத்தை அரசாணையிலேயே வெளியிட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

மானியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பள்ளிக்காக அரசு செலவிடும் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். அதைத் தொடாமல் தேவைக்கேற்ற நிதி என்று சொல்வதில் என்ன பொருள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

தங்கள் கடிதம் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டது. ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து நேராக ஆசிரியரின் கணக்குக்குப் போய்விடுவதால், ஒரு பள்ளிக்காக அரசு உண்மையில் எவ்வளவு செலவிடுகிறது என்பது அந்தப் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் தெரிவதில்லை. பணி மூப்பு மிக்க ஐந்து ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிக்கு ஆகும் செலவும், புதிதாகச் சேர்ந்த மூன்று பேரையும் இரண்டு காலியிடங்களையும் வைத்து ஓடும் பள்ளிக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. காலியிடம் என்பது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய பணத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொள்வதுதான். இடமாறுதல் கலந்தாய்வில் மூத்தவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் மொத்த விளைவாக, போக்குவரத்து வசதி குறைந்த ஊர்களிலிருந்து வசதியுள்ள ஊர்களுக்கு ஆண்டுதோறும் அரசுப் பணம் ஓசையில்லாமல் நகர்கிறது. இந்த நகர்வுக்கு முன்னால் பள்ளி மானியத்தின் ஏற்றத்தாழ்வு ஒன்றுமேயில்லை.

ஆசிரியர் பணியிடமோ முழுக்கத் தலைக்கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். 58 பிள்ளைகள் இருந்தால் ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் பணிக்கோ போய்விட்டால், வீட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நெதர்லாந்து செய்த ஒரு காரியம் நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1985 முதல் அங்கே தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்று, ஒன்று என்று எண்ணவில்லை. குறைவாகப் படித்த பெற்றோரின் பிள்ளையை 1.25 என்றும், அப்படிப்பட்ட பெற்றோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களாகவும் இருந்தால் அந்தப் பிள்ளையை 1.9 என்றும் எண்ணினார்கள். அந்த எடையிட்ட எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர்களுக்கான நிதி போனது. எடைகளையும் அளவுகோலையும் பிற்காலத்தில் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். கூடுதல் பணம் கிடைத்த அளவுக்குத் தேர்ச்சி உயரவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. இருந்தும் அந்த யோசனையின் எளிமை நமக்குப் பயன்படும். நம்முடைய 58 பிள்ளைகளும் முதல் தலைமுறையினர் என்று வைத்துக்கொண்டு 1.25ஆல் பெருக்கினால் 72.5 வருகிறது. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அந்தப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் கிடைத்துவிடுவார். சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கையைத்தான். அதற்கு மேல் தருவதை அது தடுக்கவில்லை.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை மட்டும் எடுப்பதையும் மாற்ற வேண்டும். பொங்கலுக்குப் பிறகு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு பள்ளியின் கணக்கில் இருக்கிறார்கள்; உட்கார்ந்து படிப்பதோ, படிக்காமல் இருப்பதோ வேறோர் ஊரில். சூளைக்கு அருகிலுள்ள பள்ளிக்கு அவர்களுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வருவதில்லை.

என் மகள் ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தாங்கள் சொல்லும் மாற்றம் வந்தால் எங்கள் பள்ளியின் பணத்தைப் பிடுங்கிக் கொடுப்பார்களா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அப்படிச் செய்தால் அந்தத் திட்டம் முதல் ஆண்டிலேயே படுத்துவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2013இல் தேவைக்கேற்ற நிதிமுறைக்கு மாறியபோது, எந்தப் பள்ளி மாவட்டமும் (அங்கே ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) முன்பு பெற்ற மாநில உதவிக்குக் குறையாமல் பெறும் என்று உறுதி கொடுத்துவிட்டு, புதிதாக வந்த வருவாயைத்தான் தேவையின்படி பிரித்துக்கொண்டே போனது. முழுமையாக நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. தவிரவும், தங்கள் மகளின் பள்ளி பெரிய பள்ளி என்பதால் அதில் தேவையுள்ள பிள்ளைகள் குறைவு என்று யார் சொன்னது? வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் பெண்கள் அங்கேயும் இருப்பார்கள். தேவைக்கணக்கு அவர்களையும் சேர்த்தே எண்ணும்.

யாருக்குத் தேவை அதிகம் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? வருமானச் சான்றிதழ் வாங்குவதன் லட்சணம் ஊருக்கே தெரியும்.
– வாசகர், பரங்கிப்பேட்டை

இந்தச் சீர்திருத்தத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான். இங்கிலாந்து 2011இல் ஏழை மாணவர்களுக்கான கூடுதல் நிதியைத் தொடங்கியபோது, இலவச மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகளை எண்ணியது. 2014இல் சிறு வகுப்புகளில் அந்த உணவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. சாப்பாடுதான் எல்லோருக்கும் கிடைக்கிறதே என்று பெற்றோர் பதிவு செய்யாமல் இருந்துவிட்டால், பள்ளிக்கு வர வேண்டிய கூடுதல் நிதி போய்விடும். நம்முடைய சத்துணவும் காலை உணவும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவானவை. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆகவே உணவுப் பட்டியல் இங்கே அளவுகோலாகப் பயன்படாது.

சான்றிதழ்களை நம்புவதும் ஆபத்து. இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல. சான்றிதழ் இருந்தால்தான் எண்ணுவோம் என்றால் மிகவும் தேவையுள்ள பிள்ளையே முதலில் விடுபட்டுப்போகும். எனவே தனிப்பிள்ளையிடம் தாளைக் கேட்காமல், தாயின் படிப்பு, பள்ளிக்கு நடக்க வேண்டிய தூரம், இடம்பெயரும் குடும்பங்களின் விகிதம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பள்ளி அளவில் தொகுத்து எடைபோடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 2004இல் ஆழிப்பேரலையையும் 2011இல் தானே புயலையும் 2015இல் வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. பேரிடர் வந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அந்த ஊர்ப் பள்ளிகளின் எடையைத் தானாகவே உயர்த்தும் விதியையும் சூத்திரத்திலேயே எழுதி வைக்கலாம்.

எதைச் செய்தாலும், வகுப்பில் நிற்கவைத்துப் ‘கூடுதல் நிதிப் பிள்ளைகள் கையைத் தூக்குங்கள்’ என்று கேட்கும் நிலை வரக்கூடாது. வரும் என்று அஞ்சுவதற்கு நம் பள்ளிகளில் காரணம் இருக்கிறது.

பணத்தைக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது அந்தப் பிள்ளைகளுக்குத்தான் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?
– கல்லூரி மாணவர், வில்லியனூர்

உத்தரவாதம் தானாக வராது. கலிஃபோர்னியாவில் வறுமையிலுள்ள பிள்ளைகளுக்காகவும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்காகவும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு தருகிறார்கள். அந்தத் தொகை அவர்களுக்காகவே செலவானதா என்பதைத் தெளிவாகக் காண முடியவில்லை என்று அந்த மாநிலத்தின் தணிக்கையாளரே 2019இல் குறை சொன்னார். பணம் பள்ளி மாவட்டத்தின் பொதுக்கணக்கில் கலந்துவிட்டதே காரணம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியும் அந்த நிதியை எப்படிச் செலவிடப் போகிறது என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். நம் ஊரில் பள்ளிச் சுவரில் எழுதிப் போட்டாலே போதும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள்.

புதுச்சேரியில் எல்லாம் ஒரே கல்வித் துறையின் கீழ்தானே இருக்கிறது. எங்களுக்கு இந்தச் சிக்கல் உண்டா?
– வாசகி, பாகூர்

உண்டு, வேறு வடிவில். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள நான்கு பகுதிகளுக்கும் ஒரே நிதிநிலை அறிக்கை. அதற்குள் நகரத்துப் பள்ளியும் பாகூர் வயல்வெளிப் பள்ளியும் அடங்கும். மாநிலப் பாடத்திட்டத்திலிருந்த அரசுப் பள்ளிகளை மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்றி முடித்து அதிக காலமாகவில்லை. அந்த மாற்றத்தின் சரி தவறு தனி விவாதம். நிதியைப் பொறுத்தவரை, வீட்டில் உதவி கிடைக்கும் பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் உள்ள இடைவெளியைக் கடினமான பாடநூல் ஒரே ஆண்டில் விரித்துவிடும் என்பதால், மாற்றத்தோடு சேர்த்தே தேவையுள்ள பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களைக் கொடுத்திருக்க வேண்டும். மேலும், புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. பள்ளியின் குறையைக் கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத இடத்தில், தங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதே சூத்திரமாகிவிடும் அபாயம் இருக்கிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் முன்னாள் மாணவர்களின் நன்கொடையும் இந்த இடைவெளியை நிரப்பாதா?
– வாசகர், நெய்வேலி

நல்ல கட்டடங்கள் அவற்றால் வந்திருக்கின்றன. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் வசதியான முன்னாள் மாணவர்கள் இருப்பது பழைய, பெரிய பள்ளிகளுக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கூலி வேலைக்குப் போனவர்களின் பள்ளிக்கு யார் நன்கொடை தருவார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். சூத்திரமெல்லாம் அரசு எழுத வேண்டியது. என்னால் ஆவது என்ன?
– உறுப்பினர், திட்டக்குடி

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவைக் குழுக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டும் என்றும், அந்தத் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. தேவையைப் பார்த்துப் பணம் தர வேண்டும் என்பது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள சட்டம்தான்; மானியம் எண்ணிக்கைப்படியே வரும் என்று தெரிந்துவிட்டதால், திட்டத்தை எழுதுவது பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையாகிவிட்டது.

இந்த ஆண்டு படிவத்தை நிரப்பும்போது, எத்தனை பிள்ளைகளின் தாய்மார்கள் பள்ளிக்கே போகாதவர்கள், பொங்கலுக்குப் பின் எத்தனை பேர் ஊரைவிட்டுப் போகிறார்கள், எத்தனை பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் தேவை என்பதை வகுப்புவாரியாக எழுதி, அதற்கு எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம் வேண்டும் என்று தொகையாகவே கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தங்கள் திட்டத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.