ஒரு சிஎம்எஸ், பல தளங்கள்: கேட்டவையும் சொன்னவையும்

இணையதளப் பதிவுகளை எழுதி, சேமித்து, வெளியிடும் மென்பொருள்தான் சிஎம்எஸ். பல தளங்களுக்கு ஒரே இடத்திலிருந்து உள்ளடக்கம் அனுப்பும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்களுக்கு ஆறு தளங்கள். ஒரே அறிவிப்பை ஆறிலும் லாகின் செய்து ஒட்டுகிறோம். பல தளங்களை ஒரே வேர்ட்பிரஸ் சிஎம்எஸ்ஸில் நடத்தும் மல்டிசைட் வசதிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: முழுசாகத் தீராது. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே மல்டிசைட் உள்ளே இருக்கிறது. தீம் (தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதிகள்), பயனர் கணக்கு எல்லாம் பொது. ஆனால் பதிவுகள் தளத்துக்குத் தளம் தரவுத்தளத்தின் தனி டேபிளில்தான். ஒரே கூரை, ஆறு அடுப்பு. உங்களுக்கு வேண்டியது ஒரே அடுப்பு. பதிவு ஓரிடத்தில் இருக்க, மற்ற தளங்கள் அதை ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் வாசல்) வழியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹெட்லெஸ் என்கிறார்களே, அது இதுதானா?

பதில்: அதேதான். தலை என்பது வாசகர் பார்க்கும் முன்பக்கம். அதைக் கழற்றிவிட்டால் சிஎம்எஸ் எழுதவும் சேமிக்கவும் மட்டும். வேர்ட்பிரஸையே இப்படி ஓட்டலாம். அதற்கான ரெஸ்ட் ஏபிஐ 2016 டிசம்பரில் வந்த 4.7-இலிருந்து கூடவே வருகிறது.

கேள்வி: பழைய பதிவுகள் எல்லாம் ஒரே பெரிய எடிட்டர் பெட்டியில் கிடக்கின்றன. அப்படியே ஏற்றிவிடலாமா அக்கா?

பதில்: ஏற்றலாம், பிறகு அழலாம். ஒரு நிகழ்ச்சி அறிவிப்பைத் திறந்து பாருங்கள். "வரும் வெள்ளி மாலை 5 மணி" என்று நடுவில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அதைத் தேதி என்று எந்த மென்பொருளுக்குத் தெரியும்? எந்த வெள்ளி? அடுத்த வரி, "வலது பக்கம் உள்ள படத்தைப் பார்க்கவும்". ஃபோனில் வலது பக்கமே கிடையாது, படம் கீழே போய்விடும்.

தலைப்பு, சுருக்கம், தொடங்கும் நேரம், இடம், படம், படத்துக்கான மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விவரிப்பு), விவரம் என்று தனித்தனிப் புலங்களாகப் பிரியுங்கள். நிறமும் எழுத்தளவும் அந்தந்தத் தளத்தின் டெம்ப்ளேட் பார்த்துக்கொள்ளும். அமெரிக்க வானொலியான என்பிஆர் 2009 வாக்கிலேயே இப்படித்தான் ஒருமுறை எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பியது. மொத்த வேலையில் பாதி இந்தப் பிரிப்புதான். எந்த சிஎம்எஸ் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் கூட்டம் போடுபவர்கள் இதற்கு ஒரு வாரம்கூட ஒதுக்குவதில்லை.

கேள்வி: ஒரே கட்டுரை ஆறு டொமைனில் இருந்தால் கூகுள் தண்டிக்குமா?

பதில்: தண்டனை எல்லாம் இல்லை. ஆறில் ஒன்றைத் தேர்ந்து காட்டும். அது நீங்கள் நினைத்த ஒன்றாக இல்லாமல் போகலாம். மூலம் எது என்று பக்கத்தின் குறியீட்டில் வைக்கும் கனானிக்கல் டேகில் சொல்லிவிடுங்கள். தேடுபொறிக்கு அது ஒரு குறிப்புதான், கட்டளை இல்லை.

கேள்வி: திருத்தி பப்ளிஷ் கொடுத்தாலும் சில தளங்களில் பழையதே தெரிகிறது.

பதில்: கேச், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய நகல். ஒருமுறை ஒரு தொடர்பு எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தினோம். மூன்று தளங்களில் புதிய எண், இரண்டில் பழையது. நாங்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு தளத்தைப் பார்த்துக்கொண்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று சண்டை போட்டோம். பப்ளிஷ் ஆனதும் எல்லாத் தளங்களுக்கும் வெப்ஹுக் (தானாகப் போகும் தகவல்) போய், அந்தப் பக்கத்தின் கேச் மட்டும் அழிகிற மாதிரி அமையுங்கள்.

கேள்வி: பப்ளிஷ் உரிமை எல்லாருக்கும் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. "சோதனை 2, அழிக்கவும்" என்ற தலைப்பில் ஒரு பதிவு எங்கள் எல்லாத் தளங்களின் முகப்பிலும் நாற்பது நிமிடம் நின்றது. போட்டது நான்தான். அன்றிலிருந்து எழுதுபவர் ட்ராஃப்ட் வரைதான், இன்னொருவர் பார்த்த பிறகே வெளியீடு. சோதனைக்குத் தனித் தளம். எந்தெந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்ற டிக் பெட்டிகள் ஆரம்பத்தில் காலியாகவே இருக்கட்டும்.

கேள்வி: பழைய லிங்குகள்?

பதில்: முகவரி மாறினால் 301, அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. பழைய முகவரிகளின் பட்டியலை மாற்றத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் இரண்டே தளம், மாதம் மூன்று பதிவு. நாங்களும் மாறணுமா?

பதில்: வேண்டாம். காப்பி, பேஸ்ட் போதும். எது எங்கே போனது என்று ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள்.