ஆரியங்காவுல கேக்டஸ் ஏன் அழுகுது?

கேள்வி: அண்ணா, எனக்கு பொறந்த வீடு தென்காசி பக்கம் சுரண்டை, கட்டிக் குடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல ஆரியங்காவு. போன சித்திரையில ஒரே நர்சரியில ரெண்டு பந்து கேக்டஸ் வாங்கி ஒண்ண அம்மா வீட்டு மொட்டை மாடியில வச்சேன், ஒண்ணு இங்க திண்ணையில. அம்மா அதுக்கு தண்ணி ஊத்துறதே அபூர்வம், கல்லு மாதிரி நிக்குது. இங்க எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழைதான்) ஆரம்பிச்சு மூணாவது வாரமே என்னோடது அடியில கனிஞ்ச வாழைப்பழம் மாதிரி கொழகொழன்னு ஆயிடுச்சு. கேக்டஸுக்கு மழையே ஆகாதா?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: மழை ஆகும்மா, மழை விட்டும் மண்ணு காயாம கிடக்குறதுதான் ஆகாது. அமெரிக்காவுல சொனோரா பாலைவனத்துலயும் கோடையில இடியோட கொட்டத்தான் செய்யும், அங்க சகுவாரோன்னு ஒரு ராட்சச கள்ளி, வேரை ஆழமா விடாம மேலாக்க சுத்தி பரப்பி வச்சிருக்கும், மழை விழுந்ததும் மடமடன்னு குடிச்சிடும், உடம்புல இருக்குற மடிப்பெல்லாம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிஞ்சு தண்ணிய உள்ள வச்சுக்கும், அப்புறம் வெயில் வந்து மண்ண காய வச்சிடும். உங்க திண்ணையில வெயிலுக்கு எங்க போறது? தொட்டி மாசக்கணக்கா சொதசொதன்னு இருந்தா வேருக்கு மூச்சு முட்டி பூஞ்சை ஏறத்தான் செய்யும்.

இன்னொண்ணு, கேக்டஸ் பகல்ல வாயைத் திறக்காது. தண்ணி ஆவியாகிடும்னு ராத்திரி குளிர்ச்சியிலதான் கரியமில வாயுவ இழுத்து புளிப்பு அமிலமா சேத்து வச்சு, விடிஞ்சதும் அத எடுத்து சர்க்கரை பண்ணும். இந்த வித்தைய நம்ம பக்கத்து ரணகள்ளியும் பண்ணும் (மலையாளத்துல இலமுளச்சி, அது கேக்டஸ் இல்ல). மெட்ராஸ் பக்கம் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன்னு ஒரு தாவரவியல்காரர் அந்த இலைய மென்னு பார்த்து, காலையில புளிக்குது, மத்தியானம் ருசியே இல்ல, சாயந்திரம் லேசா கசக்குதுன்னு எழுதி 1815ல அச்சுல வந்திருக்கு. நீங்க மெல்ல வேண்டாம்.

இப்ப கத்திய நல்லா துடைச்சு, அழுகின பாகத்துக்கு மேல, உள்ள கறையே இல்லாத சுத்தமான சதை தெரியுற வரைக்கும் வெட்டுங்க. ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல காய விட்டு, ஆத்து மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து உக்கார வைங்க. பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பிழைச்சா சாரல் அடிக்காத, வெளிச்சம் வர்ற இடமா பாத்து மாத்தி, ஓணம் வரைக்கும் தண்ணி காட்டாதீங்க.

ஆனா உங்க ஊருக்குன்னே ஒரு கேக்டஸ் இருக்கு, நிஷாகந்தி! ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள தொங்கிடுமே, அதேதான். நம்மாளுங்க பிரம்ம கமலம்னு போட்டோ போடுவாங்க, நிஜ பிரம்ம கமலம் இமயமலைச் செடி, அது வேற. நிஷாகந்தி மெக்சிகோ பக்கத்து ஈரக்காட்டுல மரத்து மேல தொத்தி வளர்ற ஜாதி, முள்ளு கிடையாது, இலைன்னு நாம நினைக்கிறது தட்டையான தண்டு. பக்கத்து வீட்டு சேச்சிகிட்ட ஒரு துண்டு கேளுங்க.

கேள்வி: வேலியில நிக்குற சதுரக்கள்ளியும் கேக்டஸ்தானே சார்?
– வாசகர், நகரி

பதில்: இல்லீங்க, அது ஆமணக்கு குடும்பம், வறட்சியில வாழ்ந்து வாழ்ந்து சாயல் ஒண்ணாயிடுச்சு. முள்ளு கிளம்புற இடத்த பாருங்க, பஞ்சு மாதிரி ஒரு பொட்டு இருந்தா கேக்டஸ். சதுரக்கள்ளிய ஒடிச்சா பால் பீச்சும், கண்ணுல பட்டுடாம பார்த்துக்கோங்க. அதே வேலியில சப்பாத்திக்கள்ளி இருந்தா அதுதான் அசல் கேக்டஸ், அமெரிக்காவுல இருந்து வந்தது.