முதலாளி வாங்கித் தந்த டீ

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 'அந்நிய முதலீட்டாளர்கள் பணத்தை வெளியே எடுத்தார்கள், ரூபாய் சரிந்தது' என்று செய்தி வரும் நாளில் எங்கள் முதலாளி எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தருவார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஷேர் வாங்கி வைத்திருக்கும் என் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். மாமா பழைய தொழிற்சங்கக்காரர். வெளிநாட்டுப் பணம் என்றாலே நம்மை அடிமையாக்க வருவது என்பார். உண்மையில் அந்தப் பணம் நம்மைப் போன்ற நாடுகளுக்கு நல்லதா, கெட்டதா? கதவைச் சாத்திவிட்டால் என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு எழுதுகிறவர் என்பதால் என் வேலை பாதி குறைந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் என்று வங்கி கொடுத்த சி.சி. லிமிட்டை (தொழில் செலவுக்கு அவ்வப்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) எடுத்து இடம் வாங்கிப் போடுவார். இடத்தின் விலை ஏறுகிறவரை ஊரே அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லும். லிமிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று வங்கி கைவிரிக்கும் நாளில் இடம் அங்கேயேதான் இருக்கும், கையில்தான் காசு இருக்காது. 1997இல் தாய்லாந்து இப்படித்தான் கவிழ்ந்தது.

அந்த நாட்டு நாணயமான பாட், பத்தாண்டுக்கும் மேலாக டாலருக்கு ஏறக்குறைய 25 என்று அசையாமல் நின்றது. உள்ளூர் வட்டி அதிகம், டாலர் வட்டி குறைவு. 1993இல் பாங்காக்கில் வெளிநாட்டுக் கடனுக்கென்றே தனி வங்கி வசதியைத் திறந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? டாலரில் குறுகிய காலக் கடனை வாங்கி, அதை பாட் நாணயத்தில் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தாய்லாந்து அரசாங்கம் ஊதாரி இல்லை. பல வருடங்களாக பட்ஜெட்டில் உபரி காட்டியது. கடன் வாங்கியது தனியார். 1996இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் வரவைவிட வெளிநாட்டுக்குப் போகும் செலவு கூடுதலாக இருக்கும் தொகை, நாட்டின் உற்பத்தியில் சுமார் 8 சதவீதம். ஏற்றுமதி வளர்ச்சியும் அந்த வருடம் படுத்துவிட்டது. பாட்டின் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

மத்திய வங்கி டாலரை விற்று பாட்டின் விலையைத் தாங்கிப் பிடித்தது. புத்தகத்தில் 3,000 கோடி டாலருக்கும் மேல் கையிருப்பு என்று இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதியை முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னால் ஒரு தேதியில் டாலர் தருகிறேன் என்று இன்றே பேசி முடிப்பது) பிறருக்குக் கொடுப்பதாக ஏற்கனவே எழுதிக்கொடுத்தாயிற்று. வங்கி பாஸ்புக்கைக் காட்டிவிட்டு, முன்தேதியிட்டுக் கொடுத்த செக்குகளை மறைப்பது போலத்தான். 1997 ஜூலை 2ஆம் தேதி பாட்டைத் தாங்கிப் பிடித்த கையை விட்டார்கள். அடுத்த ஜனவரியில் ஒரு டாலர் சுமார் 56 பாட். 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய கட்டடக்காரரின் கடன் 2.5 கோடி பாட்டிலிருந்து 5.6 கோடியாகிவிட்டது. அவர் புதிதாக ஒரு செங்கல்கூட வாங்கவில்லை! அவருக்கு வரும் வாடகையோ அதே பாட் நாணயத்தில்தான். 56 நிதி நிறுவனங்களை ஒரே அடியாக மூடினார்கள். பாங்காக்கில் சாத்தோன் யூனிக் என்ற 40 மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் அப்போது பாதியில் நின்றது. ஊர்க்காரர்கள் அதைப் பேய்க் கோபுரம் என்கிறார்கள். தொற்று இந்தோனேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் போனது. இந்தோனேசியாவில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ 1998 மே மாதம் பதவி விலகினார்.

ஆகவே, நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த நாணயத்தில் வந்தது, எத்தனை நாளில் திரும்பிப் போகலாம், இங்கே எதில் போய் உட்கார்ந்தது என்று கேளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் போட்ட பணம் பிரஸ் மெஷினாக நிற்கிறது. அதை ஒரு சாயங்காலத்தில் கழற்றி எடுத்துப் போக முடியாது. தம்பி வாங்கும் ஷேரில் வந்த பணம் போகலாம். (தொழிற்சாலைப் பணமும் சாமியார் இல்லை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியாவின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது திரட்டிய 27,870 கோடி ரூபாயும் கொரியத் தாய் நிறுவனத்துக்குத்தான் போனது. ஆனால் அது 28 வருடம் காத்திருந்து எடுத்த பணம்.)

மாமா சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. பணம் போவதற்கு நாம் தப்பு செய்திருக்க வேண்டும் என்றே அவசியமில்லை. 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்குவதை இனிக் குறைக்கக்கூடும் என்று சொன்னார். குறைத்தால் அங்கே வட்டி ஏறும், பணம் அங்கே திரும்பும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. குறைக்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். 55 ரூபாய் சுமாரில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டியது. பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா எல்லாமே சேர்ந்து அடிவாங்கின. வாஷிங்டனில் தும்மினால் இங்கே ஜலதோஷம். என்றாலும் நம் உடம்பும் அப்போது சரியில்லை. எண்ணெய், தங்கம் என்று இறக்குமதி செய்து, 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையை 4.8 சதவீதத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தோம்.

சரி, கதவைச் சாத்துவது. 1998 செப்டம்பரில் மலேசியாவில் பிரதமர் மகாதீர் சாத்தினார். பங்குச்சந்தைப் பணம் ஒரு வருடத்துக்கு வெளியே போகக்கூடாது, ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட், பேச்சு முடிந்தது. உலகமே திட்டியது. நாடு மூழ்கிவிடவில்லை. அந்த 3.80 விலை 2005 வரை நீடித்தது. ஆனால் அவர் பூட்டுப் போடும்போது போகவேண்டிய பணத்தில் நிறைய ஏற்கனவே போயிருந்தது. அதனால் பூட்டுதான் காப்பாற்றியதா என்று பொருளாதாரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சிலி செய்ததுதான் பிடிக்கும். 1991 முதல் உள்ளே வரும் வெளிநாட்டுக் கடனில் 20 சதவீதத்தை, பிறகு 30 சதவீதத்தை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வட்டியில்லாமல் மத்திய வங்கியில் போட்டு வைக்கச் சொன்னார்கள். பத்து வருடம் இருக்க வருகிறவனுக்கு அது பெரிய செலவில்லை, பத்து நாளில் ஓட வருகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. போகும்போது பிடிப்பதைவிட வரும்போதே கேட்டுவிடுவது மரியாதையும்கூட. இதையெல்லாம் பாவம்போலப் பேசிவந்த சர்வதேச நாணய நிதியம், சில நேரங்களில் இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று 2012இல் ஒப்புக்கொண்டது.

இனி உங்கள் முதலாளி. அவர் பேக்கிங் கிரெடிட்டை (ஆர்டரைத் தயாரித்து அனுப்ப வங்கி தரும் கடன்) டாலரில் வாங்கியிருந்தாலும் பயமில்லை, பனியனுக்கு வரும் பணமும் டாலர்தான். பாங்காக் கட்டடக்காரருக்கு இல்லாத வசதி அது. ஆனால் வெளியிலிருந்து வரும் பஞ்சு, சாயம், பின்னல் மெஷினின் விலையும் டாலரோடு ஏறும். டாலர் இறங்கினால் விலையை ஏற்றித் தராத வெளிநாட்டு பையர், ஏறினால் மட்டும் விலையைக் குறை என்று உடனே கேட்பார். அடுத்த முறை டீ வரும்போது அந்த மாத இறக்குமதி பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பஜ்ஜியை முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.