ஷோரூம் போகும் முன் பார்க்கிங்கைப் பாருங்கள்

கேள்வி: தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். தினமும் சிறுசேரி போய்வர எனக்கு 50 கிலோமீட்டர் ஆகிறது, பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்றால், “அஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும், ஊருக்குப் போற வழியில நின்னுடும்” என்று மாமனார் தடுக்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: வாங்கலாம். ஆனால் முதலில் கார் நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்து, சரியான எர்த்திங்கோடு அங்கே ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் வைக்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது, ராத்திரி சொருகிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் இரண்டு நாள் ஓட்டத்துக்கு ஏறிவிடும். அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். வெளி சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட் விலையும் அதிகம், வேலை முடிந்து வரும் களைப்பில் அங்கே காத்திருக்கவும் வேண்டும்.

இப்போது கணக்கு. ஒரு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 22 நாள் வேலை என்றால் இரண்டு மாதத்துக்கு 2,200 கிலோமீட்டர், சுமார் 350 யூனிட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: வீட்டில் ஏசியும் ஓடினால் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து கட்டணம் கூடும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ஆகும் செலவில் பாதிகூட வராது.

பேட்டரிக்குப் பெரும்பாலான மாடல்களில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு, அதை மாமனாரிடம் காட்டுங்கள். அவருடைய இரண்டாவது பயத்தை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். ஒரு சார்ஜில் 450 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் ஏசியோடு நெடுஞ்சாலையில் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். போன பொங்கலுக்கு மதுரை போகும்போது விழுப்புரம் தாண்டி ஒரு சார்ஜரில் எங்களுக்கு முன்னால் மூன்று கார், அடுத்த இடத்தில் சார்ஜரே வேலை செய்யவில்லை, கைக்குழந்தையோடு அந்த இரண்டு மணி நேரம் பட்ட பாடு மறக்காது. பண்டிகை நாளில் மட்டும் ரயிலில் போய்விடுங்கள். அப்புறம், நாலைந்து வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், பழைய எலெக்ட்ரிக் காருக்கு இன்னும் நல்ல விலை கிடைப்பதில்லை.

கேள்வி: மழைத் தண்ணீரில் எலெக்ட்ரிக் கார் ஓட்டலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் என்றால் மெதுவாக ஓட்டலாம். ஐபி67 என்ற தரக்குறியீடு போட்டிருந்தால், பேட்டரியை 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நம்பி வெள்ளத்தில் இறங்காதீர்கள். கார் மூழ்கிவிட்டால் ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது, லாரியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே, உங்கள் ஊர்க்காரர்கள் செய்வதுபோல மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.