வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிதாருக்கு ஜாக் பொருத்துவது: கேள்வி பதில்

கேள்வி: சார், பாடி அறுத்து முடிச்சாச்சு. ஜாக் வாங்கலாம்னு பார்த்தா மோனோ, ஸ்டீரியோ, பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒண்ணு, நீளக் குழாய் மாதிரி ஒண்ணுன்னு ஏகப்பட்ட வகை இருக்கு. எதை எடுக்கறது?

ஜாக் என்பது கேபிளின் பிளக்கைச் செருகும் வாய். பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) என்றால் 6.35 மி.மீ. மோனோ ஜாக், அதிலும் ஸ்பிரிங் தகடு வெளியே தெரியும் திறந்த வகை. ஸ்விட்ச்கிராஃப்ட் 11 இந்த வகைதான். தகடு தளர்ந்தால் விரலாலேயே வளைத்துச் சரிசெய்யலாம், அழுக்கானால் துடைக்கலாம். பிளாஸ்டிக் பெட்டி வகை சர்க்யூட் போர்டுக்கு ஆனது. அதன் பிளாஸ்டிக் மரையை இரண்டு முறை இறுக்கினால் வழுக்கிவிடும். குழாய் வகை அழகாக இருக்கும், ஆனால் உள்ளே கெட்டால் கை போகாது, தூக்கித்தான் போட வேண்டும். தங்க முலாம் பூசியது துருப்பிடிக்காது, அவ்வளவுதான். ஒலி மாறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்று: நட்டையும் ஜாக்கையும் சேர்த்தே வாங்குங்கள். அங்குல மரை (3/8 அங்குலம்) உள்ள ஜாக்கில் மெட்ரிக் நட் ஏறாது. ஏறுவது போலத் தோன்றினால் மரை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: தெரியாம ஸ்டீரியோ ஜாக் வாங்கிட்டேன். வீணா?

வீண் இல்லை, லாபம்தான். அதில் ஸ்பிரிங் தகடு இரண்டு இருக்கும். பிளக்கின் நடுப்பகுதியைத் தொடும் தகட்டின் லக்கை (ஒயரைச் சால்டர் செய்யும் காது), கிரவுண்ட் (சிக்னல் திரும்பும் பொது இணைப்பு) லக்கோடு ஒரு சின்ன ஒயரால் சேர்த்துவிடுங்கள். மோனோ பிளக் செருகும்போது கிரவுண்டுக்கு இரண்டு இடத்தில் தொடர்பு கிடைக்கும், பிடிப்பும் கூடும்.

கேள்வி: அண்ணா, ஜாக்கை எங்க வைக்கறது? முன்பக்கமா, பக்கவாட்டுலயா? பாடி 45 மி.மீ. கனம், மஹாகனி. துளை போடற முறையையும் சொல்லுங்க.

ஸ்ட்ரேட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிதார் மாதிரி முன்பக்கம் படகு வடிவத் தகடு வைக்கலாம். அதற்குச் சாய்வான குழி குடைய வேண்டும், எல் வடிவ பிளக்கும் அதில் சரியாக உட்காராது. டெலி (டெலிகாஸ்டர்) கிதாரில் ஜாக் உட்காரும் கிண்ணம் பக்கவாட்டில் வரும். பழைய முறையில் அதை ஒரு தகடு மரத்தைக் கடித்துப் பிடித்திருக்கும். நாளாக ஆக அந்தப் பிடி விட்டு, கிண்ணமே சுற்ற ஆரம்பிக்கும். அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் இரண்டு திருகு போடும் கிண்ணமாக வாங்குங்கள்.

முதல் கிதார் என்றால் என் ஓட்டு பக்கவாட்டில் லெஸ் பால் கிதார் பாணி சதுரத் தகட்டுக்கு. உலோகத் தகடாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தகடு கேபிளை யாராவது மிதித்த அன்றே மூலையில் விரியும். எப்போது கோளாறு வந்தாலும் நான்கு திருகைக் கழற்றினால் ஜாக் மொத்தமாகக் கைக்கு வந்துவிடும் என்பதுதான் இதன் பெரிய வசதி.

இடம்: உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் படும் வளைவைத் தவிர்த்து, ஸ்ட்ராப் பட்டன் பக்கமாகத் தள்ளி வையுங்கள். கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுச் செருக வசதியாக இருக்கும். அதே சமயம், அங்கிருந்து கன்ட்ரோல் குழிக்கு (வால்யூம், டோன் குமிழ்கள் உட்காரும் குழி) நேராக வழி போகிறதா என்று பாடியின் மேல் பென்சில் கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை வேலையைப் பெயின்ட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, கனத்தின் நடுவில், 22.5 மி.மீ.யில் புள்ளி வைத்து 3 மி.மீ. வழிகாட்டித் துளை போடுங்கள். பிறகு 22 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியோடு அகலத் துளை போடுவது). வளைந்த விளிம்பில் இந்த பிட் முதல் சுற்றிலேயே நழுவி ஓடும். ஆகவே ஒரு கழிவுப் பலகையில் முதலில் அதே 22 துளை போட்டு, அதை பாடி விளிம்பில் கிளாம்ப் செய்து, அந்தத் துளை வழியாகவே இறக்குங்கள். ஆழம் 40 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பிளக்கின் தண்டே சுமார் 32 மி.மீ. நீளம், ஆழம் போதாவிட்டால் நுனி மரத்தில் முட்டி, பிளக் 'க்ளிக்' என்று உட்காராது. 22-இல் ஸ்பிரிங் தகடு விரிய இடம் நெருக்கமாகத்தான் இருக்கும். சதுரத் தகட்டின் திருகுத் துளைகள் குழிக்குள் விழாது என்றால் 25 மி.மீ. போடுங்கள்.

அடுத்து 8 மி.மீ. நீள பிட்டால் கன்ட்ரோல் குழிக்கு ஒயர் வழி. கடைசியாகத் தகட்டுத் திருகுகள்: 3 மி.மீ. திருகுக்கு 2 மி.மீ. துளை, மரையில் கொஞ்சம் சோப்பு. நேராக மரத்தில் முறுக்கினால் தலை உடைந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: தகடே இல்லாம மரத்துலயே நேரா மாட்டலாமா?

சாதாரண ஜாக்கின் மரை நீளம் குறைவுதான். வாஷருக்கும் நட்டுக்கும் போக மெல்லிய சுவரை மட்டும் தாங்கும். அதற்கு மேல் என்றால் உள்பக்கம் குடைந்து சுவரை மெலிதாக்க வேண்டும், அல்லது நீள மரை ஜாக் வாங்க வேண்டும். மெலிந்த மரச்சுவர் கேபிள் இழுப்பில் பிளந்துவிடும் என்பதால் எனக்கு இதில் இஷ்டமில்லை.

கேள்வி: எந்த லக்ல எந்த ஒயர்? சால்டர் பண்ண எவ்வளவு சூடு?

நீண்டு வளைந்த ஸ்பிரிங் தகட்டோடு சேர்ந்த லக்கில் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து (ஒலி அளவுக் குமிழ்) வரும் சிக்னல் ஒயர். பிளக் நுழையும் உலோக வளையத்தோடு சேர்ந்த லக்கில் கிரவுண்ட். சந்தேகம் இருந்தால் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு முள்ளும் லக்கில் ஒரு முள்ளும் வைத்து மல்டிமீட்டரில் பீப் பாருங்கள்.

22 கேஜ் பல இழை ஒயர் போதும். இரண்டையும் முறுக்கி, 6 - 7 செ.மீ. தளர்வு விடுங்கள். அயர்ன் 350 டிகிரி. ஒயரை லக் துளையில் கொக்கி போல் மாட்டி, முதலில் லக்கைச் சூடாக்கிப் பிறகு சால்டரை லக்கில் தொடுங்கள். மூன்று நான்கு விநாடியில் முடிய வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் தகடுகளைப் பிரிக்கும் இன்சுலேஷன் வளையம் கருகி, லக் ஆட ஆரம்பிக்கும்.

கேள்வி: நட் அடிக்கடி லூஸ் ஆகுது, கரகரன்னு சத்தம் வேற.

கரகரப்புக்குக் காரணமே அந்த லூஸ்தான். நட் தளர்ந்தால், பிளக்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஜாக்கும் சேர்ந்து சுற்றும். ஒயர் முறுகி, லக் ஓரத்தில் இழை இழையாக அறுந்துகொண்டே வரும். வெளியிலிருந்து நட்டை மட்டும் இறுக்குவது இன்னும் மோசம், உள்ளே ஜாக் சுற்றி மிச்ச இழையும் போய்விடும். தகட்டைக் கழற்றி, ஜாக் உடம்பை விரலால் பிடித்துக்கொண்டு 13 மி.மீ. ஸ்பேனரால் இறுக்குங்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் உள்பக்கம், ஜாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில். தட்டை வாஷர் வெளியே, நட்டுக்கு அடியில். பலரும் ஸ்டார் வாஷரை வெளியே போட்டுத் தகட்டைக் கீறிவைப்பார்கள். முடித்ததும் மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

கேள்வி: காப்பர் ஃபாயில் ஒட்டி ஷீல்டிங் (இரைச்சல் தடுக்கற உறை) பண்ணேன். மீட்டர்ல எல்லாம் சரியா காட்டுது. கேபிள் செருகினா சத்தமே இல்லை!

கேபிளைச் செருகியபடி அளந்து பாருங்கள், மீட்டர் ஷார்ட் காட்டும். பிளக் உள்ளே போகும்போது அதன் நுனி ஸ்பிரிங் தகட்டை ஒன்றிரண்டு மி.மீ. வெளியே தள்ளுகிறது. அது போய் உங்கள் ஃபாயிலில் முட்டுகிறது. ஃபாயில் கிரவுண்டோடு சேர்ந்தது, ஆக சிக்னல் அங்கேயே செத்துவிடும். பிளக்கை எடுத்ததும் தகடு திரும்பிவிடுவதால் வெறும் ஜாக்கை அளந்தால் பிடிபடாது. தகடு தொடும் சுவரில் இன்சுலேஷன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள், அல்லது நட்டைத் தளர்த்தித் தகடு வெற்றிடம் பார்க்கும்படி ஜாக்கைத் திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: கம்பியைத் தொட்டா இரைச்சல் கூடுது. ஜாக் கோளாறா?

பெரும்பாலும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும். அப்படியானால் பிரிட்ஜும் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) கம்பிகளும் சிக்னல் பக்கம் சேர்ந்து, உங்கள் உடம்பே ஆன்டெனா ஆகிவிடும். தொட்டால் இரைச்சல் *குறைகிறது* என்றால் பிரிட்ஜ் கிரவுண்ட் வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆக்டிவ் பிக்கப். 9 வோல்ட் பேட்டரி ரெண்டே நாள்ல தீருது.

இதற்கு ஸ்டீரியோ ஜாக் கட்டாயம். பேட்டரியின் மைனஸ் ஒயர், பிளக்கின் நடுப்பகுதியைத் தொடும் தகட்டின் லக்கில் இருக்க வேண்டும். மோனோ பிளக் செருகினால் அது கிரவுண்டோடு சேர்ந்து மின்சாரம் ஓடும், எடுத்தால் நிற்கும். மைனஸை நேராக கிரவுண்டில் சால்டர் செய்திருந்தால் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒயரிங் சரி என்றால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? மேலே சொன்ன இரண்டு லக்கைச் சேர்க்கும் யோசனையை இதில் செய்துவிடாதீர்கள், பேட்டரி எப்போதும் ஆன்தான்.

கேள்வி: மூடறதுக்கு முன்னாடி எல்லாம் சரியான்னு எப்படி உறுதி பண்றது?

கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உலோக உடம்புக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். வால்யூம் முழுசாக இருக்கும்போது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் 5 முதல் 7 கிலோ ஓம், வழக்கமான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 7 முதல் 9. வால்யூமைச் சுழியில் வைத்தால் ஏறக்குறைய 0 ஓம். பாதியில் வைத்தால் பல பத்து கிலோ ஓம் காட்டும், அது இயல்பு. எந்த நிலையிலும் 0 என்றால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் ஒயர் விட்டிருக்கிறது. அளக்கும்போதே பிளக்கை ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் ஸ்பிரிங் தகட்டை லேசாக உள்பக்கம் வளைத்துவிட்டு மீண்டும் அளந்து, அதன் பிறகு திருகு போடுங்கள்.