ஃபுட்பால் மேனேஜரில் தடுப்பாட்டக்காரரின் பங்களிப்பை எப்படி அளவிடுவது?

"கால்பந்து அணியொன்றை மேலாளராக நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில், என் அணியின் சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) இருவரில் ஒருவருடைய சராசரி மதிப்பெண் 7.20, மற்றவருடையது 6.85. முதலாமவரே சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று முடிவு செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது என்பதே என் பதில்.

ஆட்ட மதிப்பெண் பெரும்பாலும் வீரர் பந்தோடு செய்த செயல்களையே கணக்கில் எடுக்கிறது. கார்னரில் ஏறி வந்து தலையால் ஒரு கோல் அடித்துவிட்டால், அன்றைய ஆட்டத்தில் அவர் எதிரணி முன்கள வீரரை இருமுறை தப்பவிட்டிருந்தாலும் மதிப்பெண் உயர்ந்தே இருக்கும். அணியில் கார்னருக்கு முதல் இலக்காக யாரை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். 7.20 பெற்றவர்தான் அந்த இலக்கு என்றால், இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பாதி அங்கேயே கரைந்துவிடக்கூடும்.

அடுத்து எல்லோரும் நாடுவது டேக்கிள், அதாவது எதிரணி வீரரின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் செயலின் எண்ணிக்கையை. இதில் நிஜக் கால்பந்தே நமக்கு எச்சரிக்கை தந்திருக்கிறது. 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் தன் தடுப்பரணின் தூணாக இருந்த யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோவுக்கு விற்றது. அவருடைய டேக்கிள்கள் குறைந்திருந்ததாகக் காட்டிய தரவுக்கும் அந்த முடிவில் பங்குண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவரை விற்றது தவறு என்று அப்போதைய மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சரியான இடத்தில் நிற்பவருக்கு டேக்கிள் செய்யவேண்டிய தேவையே குறைவாகத்தான் எழும். 2018-19 பிரீமியர் லீக் பருவத்தில் லிவர்பூலின் சென்டர் பேக் வெர்ஜில் வான் டைக்கை ஒருவர்கூடப் பந்தை உருட்டிச் சென்று கடக்கவில்லை. அந்த அணி 38 ஆட்டங்களில் 22 கோல்களே வாங்கியது. அவரைக் கண்டு பந்தை மறுபக்கம் திருப்பிவிட்ட முன்கள வீரர்களின் எண்ணிக்கை எந்தப் பட்டியலிலும் இல்லை. உங்கள் விளையாட்டின் தரவுத் திரையிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அதற்காக எண்களையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவற்றை வாய்ப்போடு சேர்த்துப் படித்தால் போதும். பந்து எதிரணியிடம் இருக்கும் நேரத்தில் மட்டுமே டேக்கிள் செய்ய முடியும். ஆகவே இரு அணிகளும் பந்தைப் பாதிப் பாதி வைத்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்று காண, 90 நிமிடங்களுக்கான டேக்கிளை 50ஆல் பெருக்கி, எதிரணி பந்தை வைத்திருந்த விழுக்காட்டால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, பந்தை 65 விழுக்காடு தன்னிடமே வைத்திருக்கும் அணியின் வீரர் 1.4 டேக்கிள் செய்கிறார். 40 விழுக்காடு மட்டுமே வைத்திருக்கும் அணியின் வீரர் 2.4 செய்கிறார் என்று கொள்வோம். முன்னவருக்கு எதிரணியின் பங்கு 35, பின்னவருக்கு 60. கணக்கிட்டால் இருவருக்குமே 2.0 வருகிறது. வேறு அணியிலிருந்து ஆள் எடுக்கும்போது இந்தச் சிறு வகுத்தல் மிகவும் பயன்படும். குறிப்பாக, தரவரிசையின் அடியில் கிடக்கும் அணிகளின் தடுப்பாட்டக்காரர்கள் வேலைப்பளுவாலேயே பெரிய வீரர்களாகத் தோன்றும் மயக்கத்தை இது தெளிவிக்கும். ஆனால் நீங்கள் கேட்ட இருவரும் ஒரே அணியினர் என்பதால், அவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே ஆடியிருந்தால் இங்கே அது உதவாது.

ஒரே அணிக்குள் ஒப்பிடும்போது கவனிக்கவேண்டியது அவரவர்க்குத் தந்த கடமையை. ஃபுட்பால் மேனேஜர் 2024 வரையிலான பதிப்புகளில் சென்டர் பேக்குக்கு டிஃபெண்ட், ஸ்டாப்பர், கவர் என்று மூன்று கடமைகள் உண்டு. ஸ்டாப்பர் முன்னேறிச் சென்று மோதுகிறவர். அவரிடம் டேக்கிளும் இடைமறிப்பும் குவிவது இயல்பு. கவர் ஒரு படி பின்வாங்கி, தப்பி வரும் பந்தைத் துப்புரவு செய்கிறவர். அவருடைய எண்கள் மெலிந்திருப்பதும் அதே அளவு இயல்பு. ஹெடரிலும், அதாவது தலையால் பந்தை முட்டும் மோதலிலும், வெற்றி விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், அத்தகைய எத்தனை மோதல்களில், யாரோடு இறங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரணியின் உயரமான முன்கள வீரரோடு எப்போதும் மோதுகிறவர் 65 விழுக்காடு வெல்வது, மற்றவர் எளிய பந்துகளில் 75 விழுக்காடு வெல்வதைவிட மேலானதாக இருக்கலாம்.

என் பார்வையில் தனிநபர் எண்களைவிட அதிகம் நம்பத்தக்கது, அவர் களத்தில் இருந்தபோதும் இல்லாதபோதும் எதிரணிக்குக் கிடைத்த வாய்ப்புகளின் தரம். 2021 பதிப்பிலிருந்து விளையாட்டிலேயே எக்ஸ்ஜி, அதாவது ஒவ்வொரு வாய்ப்பும் கோலாகும் சாத்தியத்தைக் கூட்டிச் சொல்லும் 'எதிர்பார்க்கப்படும் கோல்', கிடைக்கிறது. வாங்கிய கோல்களை எண்ணினால் கோல்கீப்பரின் திறமையும் அதிர்ஷ்டமும் அதில் கலந்துவிடும். எதிரணியின் எக்ஸ்ஜியை எடுத்துக்கொண்டால் அந்தக் கலப்பு பெருமளவு விலகும். பெனால்டிகளைக் கழித்துவிடுங்கள். ஆயினும் ஒரு குறை எஞ்சும்: அவர் இல்லாத ஆட்டங்கள் பெரும்பாலும் கோப்பைப் போட்டியின் தொடக்கச் சுற்றுகளாக, பலம் குறைந்த எதிரணிகளோடு நடந்தவையாக இருக்கும்.

இந்தக் குறையைப் போக்கும் வழி நிஜக் கழகங்களின் ஆய்வாளர்களுக்கு இல்லை, நமக்கு உண்டு. பருவம் தொடங்குமுன் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, அதன் படியொன்றில் முதல் வீரரைக் கொண்டும், மற்றொரு படியில் அவரை விலக்கி இருப்பு வீரர் ஒருவரைக் கொண்டும், அதே தந்திரத்தோடும் அதே துணை சென்டர் பேக்கோடும் முழுப் பருவத்தையும் ஓடவிடலாம். பிறகு இரண்டாமவருக்கும் அதையே செய்யலாம். ஒருமுறை ஓட்டினால் போதாது. ஒரே சேமிப்பிலிருந்து இருமுறை ஓட்டினாலும் முடிவுகள் கணிசமாக வேறுபடும். பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தபின், எவர் விலகியபோது எதிரணியின் எக்ஸ்ஜி அதிகம் ஏறுகிறதோ அவரே உங்கள் அணிக்குக் கூடுதல் பங்களிப்பவர். இதை ஏமாற்று என்று சிலர் கருதுவார்கள். சோதனைப் படிகளில் கண்டதை வைத்து முதன்மை ஆட்டத்தில் வீரரை விற்பதும் வாங்குவதும் எனக்கும் உவப்பில்லை. ஆனால் விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நேர்மையான வழி தெரியவில்லை.

1 முதல் 20 வரையிலான பண்புகளையே நேரடியாகப் பார்த்தால் என்ன என்றும் கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும்: பொசிஷனிங் (சரியான இடத்தில் நிற்பது), ஆன்டிசிபேஷன் (நிகழப்போவதை முன்கூட்டியே உணர்வது), கான்சென்ட்ரேஷன் (கவனம்), மார்க்கிங் (எதிரணி வீரரை ஒட்டி நின்று தடுப்பது) ஆகியவற்றோடு, வான்வழிப் பந்துகளுக்கு ஜம்ப்பிங் ரீச் (எம்பித் தொடும் உயரம்). ஆனால் சீரான ஆட்டத்தைக் குறிக்கும் கன்சிஸ்டென்சியும், பெரிய ஆட்டங்களில் தாக்குப்பிடிப்பதைக் குறிக்கும் இம்பார்டன்ட் மேட்ச்சஸும் மறைக்கப்பட்ட பண்புகள். பயிற்சியாளர்களும், வீரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகளும் தரும் அறிக்கைகளில் அவற்றின் நிழல் மட்டுமே தெரியும்.

எனவே உங்கள் இருவர் விஷயத்தில், 7.20 பெற்றவருடைய கோல்களும் கார்னர்ப் பொறுப்பும் எவ்வளவு என்பதையும், 6.85 பெற்றவருக்கு கவர் கடமை தரப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இரண்டிலும் வேறுபாடு இல்லையென்றால், அதன்பின் எக்ஸ்ஜி ஒப்பீட்டுக்குச் செல்லலாம். அதுவரை இரண்டாமவரை விற்பனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.