பாரம்பரிய மூலிகைகளில் நிஜமாகவே மருந்து இருக்கிறதா, இல்லை வெறும் நம்பிக்கையா?

இருக்கிறது. ஆனால் எந்தச் செடியில் என்ன வேதிப்பொருள் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். தாவர வேதியியல் படித்த எனக்குப் பெரிய ஆச்சரியம், அந்தச் செடியை எப்படிப் பக்குவம் செய்வது, எந்த வழியில் உடம்புக்குள் செலுத்துவது என்பதையும் ஆய்வகம் இல்லாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான்.

அமேசான் காட்டுப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் குராரேவைப் பாருங்கள். ஒரு காட்டுக்கொடியின் பட்டையைக் காய்ச்சி, குழம்பாக வற்றவைத்து எடுப்பது. அதிலுள்ள டியூபோகியூராரின் என்ற ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள ஒரு வகைத் தாவர வேதிப்பொருள்), நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுத்துவிடும். அடிபட்ட விலங்கு தசை தளர்ந்து மூச்சு நின்று விழும். அந்த இறைச்சியைச் சாப்பிடுபவர்களுக்கோ ஒன்றும் ஆகாது. அந்த மூலக்கூறு நிரந்தர நேர்மின்னூட்டம் கொண்டது, அதனால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. காரணம் பிறகுதான் தெரிந்தது. விஷயம் அவர்களுக்கு முன்பே தெரியும். 1942-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹாரல்ட் கிரிஃபித் என்ற மயக்க மருத்துவர் குராரேவை அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படுத்தினார். மயக்க மருத்துவமே அதன்பின் மாறியது.

சீனாவில் 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹாங், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு மாசிப்பத்திரி வகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று சீன விஞ்ஞானி தூ யூயூவுக்குத் தோன்றியது அதைப் படித்துத்தான். சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971-இல் சாறு எடுத்தார். மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் அப்படித்தான் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது.

நம் ஆடாதோடையும் சளைத்ததல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை மாதிரியாக வைத்து உருவானதுதான் சளி மருந்துகளில் வரும் புரோம்ஹெக்சின்.

சரி, தலைமுறைகளாகச் சாப்பிட்டதெல்லாம் பாதுகாப்பானதா? இல்லை. உடனே தெரியும் பலனையும் விஷத்தையும் மரபறிவு கூர்ந்து கவனிக்கும். பல வருடம் கழித்து வரும் கெடுதல் அதன் கண்ணில் படாது. ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகையில் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். என்றோ குடித்த கஷாயத்தையும் இன்று வந்த நோயையும் யார் முடிச்சுப் போட்டிருப்பார்கள்? அந்தச் செடியையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவற்றையும் யார் சொன்னாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.